டிரையம்ஃப் டிஆர்6 பின் டிரைவ் சாஃப்ட்: அறிகுறி பார்த்து, கெடுக்காமல் கழற்றுவது

டிஆர்6 என்ற பழைய ஆங்கிலேய விளையாட்டுக் காரில், டிஃபரன்ஷியலிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஒரு பக்கத்து டிரைவ் சாஃப்ட்டைக் கழற்ற, டிஃபரன்ஷியல் பக்கத்து உள்முனையில் 4 நட், சக்கரத்துப் பக்கத்து வெளிமுனையில் 6 நட். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம், பிரேக் குழாயைப் பிரிக்க வேண்டாம், டிஃபரன்ஷியலை இறக்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் காரில் காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பக்கமும் வெளியே வந்துவிடும்.

ஆனால் கோவென்ட்ரியில் கடைசி டிஆர்6 தயாரானது 1976-இல். இன்று கைக்கு வருகிற கார் எதுவானாலும் அரை நூற்றாண்டு ஈரம் பார்த்தது. இங்கிலாந்திலேயே ஓடியது என்றால் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும் சேர்த்துக் குடித்தது. வெளிமுனை நட்டுகள் ஏறும் 6 ஸ்டட்களும் (தலையில்லாத மரைத் தண்டுகள்) இரும்பு. அவை நிற்கும் டிரெய்லிங் ஆர்ம், அதாவது சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கை, வார்ப்பு அலுமினியம். உப்பு நீரில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். நானும் என் முதல் சாஃப்ட்டை எடுத்தபோது ஆறில் இரண்டு ஸ்டட் அலுமினியத் தூளைக் கவ்விக்கொண்டு நட்டோடு வெளியே வந்தன. சாஃப்ட்டைச் சரிசெய்ய ஆன செலவைவிட அந்த இரண்டு துளைகளைச் சரிசெய்ய ஆன செலவு அதிகம். அதனால் கீழே எழுதியதில் பெரும்பகுதி அந்த மரையைக் காப்பாற்றுவதைப் பற்றியே இருக்கும்.

இதே அமைப்பு 1965-இல் வந்த டிஆர்4ஏ-விலும், 1967-இன் டிஆர்5-இலும், அமெரிக்காவுக்குப் போன டிஆர்250-இலும் இருக்கிறது. டிஆர்4ஏ-வில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் விற்ற சில கார்களில் பழைய முறைப்படி ஒரே துண்டு ஆக்சில்தான் இருக்கும். குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே டிரையம்ஃப் குடும்பம். அதில் கைபழகியவர்கள் இதையும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. ஹெரால்டில் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங், சாஃப்ட்டின் உள்முனையில் மட்டும் ஒரு யுஜே (யுனிவர்சல் ஜாயின்ட்: சாஃப்ட் கோணத்தில் வளைந்தபடியே சுழல விடும் மூட்டு). சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதில் சாஃப்ட்டுக்கும் பங்கு உண்டு. டிஆர்6-இல் சக்கரத்தைப் பிடிப்பது டிரெய்லிங் ஆர்ம். சாஃப்ட் சுழற்றுவதற்கு மட்டும்தான். உள்முனையில் ஒரு யுஜே, வெளிமுனையில் ஒரு யுஜே, நடுவில் நீளவும் சுருங்கவும் ஒரு ஸ்லைடிங் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் நீளப் பற்கள்). நம்மூர்ப் பட்டறையில் கிராஸ் என்று சொல்வதையே இங்கே யுஜே என்று எழுதுகிறேன்.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும், விட்டதும் “டொக்” என்று ஒரு அடி

இந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் யுஜே என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் இந்தக் காரில் அதே சத்தத்தைத் தரக்கூடிய இடங்கள் இன்னும் நான்கு உண்டு. சாஃப்ட்டைக் கழற்றும் முன் அவற்றைப் பார்க்காவிட்டால் ஒரு நாள் வேலை வீண்.

முதலில் டிஃபரன்ஷியல் தொங்கும் பின்கள், அதாவது இரும்பு முளைகள். சேஸியில் வெல்ட் செய்த நான்கு பின்களில் அது தொங்குகிறது. எஞ்சின் முறுக்கும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழப் பார்க்கும். அந்த இழுப்பில் முன்பக்கத்து வலது முளையின் அடியில் விரிசல் விடுவது இந்த வண்டியின் பிறவி நோய். ஒருவர் காரில் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்சை மெல்ல விட்டுக் கார் நகரப் பார்க்கும் இடத்தில் நிறுத்தட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். காருக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம். மூக்கு ஒரு விரல் கனம் எழுந்தால் ரப்பர் போயிருக்கிறது, அல்லது முளையின் அடி கிழிந்திருக்கிறது. சேஸி வெல்டிங் வேலை அது, சாஃப்ட்டுக்குச் சம்பந்தமில்லை.

அடுத்து, கம்பிச் சக்கரம் போட்ட கார் என்றால் சக்கரத்தின் நடுத் துளையிலும் அடாப்டரிலும் உள்ள ஸ்பிளைன். பிரேக்கை மிதித்துக்கொண்டு சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் தெரியும். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப் பகுதி) அசையாமல் சக்கரம் மட்டும் அசையும். பிறகு டிரெய்லிங் ஆர்மின் புஷ்கள். கடைசியாக, ஹப்பும், அதைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலும் சேரும் டேப்பரில் (கூம்பான பொருத்தத்தில்) லேசான தளர்வு. இந்தக் கடைசி ஒன்று உண்மையாக இருந்தால் அந்தக் காரை ஓட்டவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இவை எல்லாம் சரி என்றால் யுஜே-க்கு வாருங்கள். கையால் ஆட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். யோக்கின் (யுஜே-யைப் பிடிக்கும் கவை முனையின்) இரண்டு கவைகளுக்கு இடையே ஒரு பெரிய ஸ்கிரூடிரைவரைக் கொடுத்து முறுக்கிப் பாருங்கள். யுஜே-யின் ஊசி ரோலர்கள் இருக்கும் கப்பின் விளிம்பில் செம்மண் நிறத்தில் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி ரோலர்கள் துருவாகிவிட்டன. ஆட்டம் தெரியாவிட்டாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

நடை வேகத்தில் குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சு

சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்ல ஓட்டினால் தெளிவாகக் கேட்கும். சக்கரத்தின் சுழற்சியோடு ஒத்து வரும், வேகம் கூடினால் மறைந்துவிடும். உலர்ந்த யுஜே. இதில் சந்தேகமே வேண்டாம். எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு பக்கம் உலர்ந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். நான் நான்கையும் சேர்த்தே மாற்றுவேன்.

வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் வெடுக்கென்று ஒதுங்குகிறது

டிஆர்6-ஐப் புரிந்துகொள்ள இதுதான் மிக முக்கியமான அறிகுறி. பலர் இதை டயர் என்றும், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) என்றும், “பழைய கார் அப்படித்தான்” என்றும் விட்டுவிடுகிறார்கள்.

சக்கரம் மேலும் கீழும் போகும்போது டிஃபரன்ஷியலுக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள தூரம் மாறுகிறது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் நடுவில் ஸ்பிளைன் வழுக்க வேண்டும். ஆனால் அதே ஸ்பிளைன்தான் எஞ்சினின் முறுக்கையும் சுமக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியே வருகையில் ஒரு சக்கரத்துக்கு 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு போகிறது, ஸ்பிளைனின் ஆரம் 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பற்களின் முகத்தில் விழும் விசை ஏறக்குறைய 26,700 நியூட்டன். நன்றாகக் கிரீஸ் போட்டு, உராய்வுக் குணகம் 0.1 இருந்தாலும் அதை வழுக்க வைக்க 2,670 நியூட்டன் வேண்டும். 270 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வறண்டு துருப்பிடித்த ஸ்பிளைனில் இது இன்னும் இரண்டு மடங்காகலாம்.

ஆகவே முறுக்கு இருக்கும்வரை சாஃப்ட் நீளம் மாறாமல் பூட்டிக்கொள்கிறது. சக்கரம் தான் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் நிற்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு ஒரு கணம் பூஜ்யமாகிறது. பூட்டு விடுபடுகிறது. சக்கரம் ஒரே தாவலில் தன் இடத்துக்குப் போகிறது; போகும்போது அதன் சாய்வும் திசைக் கோணமும் மாறுகின்றன. ஓட்டுபவருக்கு அது பின்பக்கத்தை யாரோ தட்டிவிட்டதுபோல் இருக்கும்.

அதே காலத்தில் மற்றவர்கள் இந்தச் சிக்கலைத் தவிர்த்த விதம் கவனிக்கத்தக்கது. 1961-இன் ஜாகுவார் இ-டைப்பில் சாஃப்ட்டின் நீளம் மாறாது, அதுவே மேல் இணைப்புக் கையாகவும் வேலை செய்கிறது. 1962-இன் லோட்டஸ் எலானில் ரப்பர் வளையங்கள் வளைந்து கொடுக்கின்றன. டிரையம்ஃப் 1963-இன் 2000 சலூனில் கொண்டுவந்த இந்த ஸ்பிளைன் முறையையே விளையாட்டுக் காருக்கும் எடுத்துக்கொண்டது.

உறுதி செய்ய சாஃப்ட்டை வெளியே எடுக்க வேண்டும். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அடுத்து ஃபிளான்ஜில் ஒரு கம்பி கொடுத்து முறுக்கிக்கொண்டே அதையே செய்யுங்கள். முறுக்காதபோது வெண்ணெய் மாதிரி வழுக்கி, முறுக்கினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சிக்கினால் பற்களில் படி விழுந்திருக்கிறது. கிரீஸ் அதைக் குணப்படுத்தாது. புதிய ஸ்பிளைன் போட்ட சாஃப்ட், அல்லது சிவி ஜாயின்ட் வைத்த மாற்றுச் சாஃப்ட்தான் வழி. என் விருப்பம் இரண்டாவது. அதில் பந்துகள் உருண்டு நகர்வதால் இந்தப் பூட்டு விழுவதில்லை.

உறுமல் அல்லது அதிர்வு

நேராகப் போகையில் இருக்கும் உறுமல் வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் எடை ஏறும் இடப்பக்க ஹப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இடப்பக்கம் திரும்பினால் கூடுவது வலப்பக்கம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று மாறினால் அது டிஃபரன்ஷியல் பற்கள்.

அதிர்வுக்கு இப்போது கையில் நல்ல கருவி இருக்கிறது: அதிர்வெண்ணைக் காட்டும் செயலி போட்ட கைபேசி. இந்தக் காரின் டயர் ஒரு சுற்றில் 2 மீட்டரைச் சற்றுத் தாண்டிப் போகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் விநாடிக்கு 13 முதல் 14 சுற்று. செயலியில் அந்த எண்ணில் முகடு தெரிந்தால் டயர், ரிம், டிரம். ஒரு யுஜே கோணத்தில் சுழன்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறும். ஆக 27-ஐ ஒட்டி முகடு வந்தால் டிரைவ் சாஃப்ட்டுகள். நடு புரொப்பெல்லர் சாஃப்ட் என்றால் டிஃபரன்ஷியல் விகிதத்தால் பெருக்க வேண்டும்: பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் காரின் 3.45-க்கு 47 அளவில், அமெரிக்க கார்ப்பரேட்டர் காரின் 3.7-க்கு 50 அளவில் வரும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாலே எதைக் கழற்றுவது என்று தெரிந்துவிடுகிறது.

கழற்றும் முன்

இரண்டு பின்சக்கரங்களும் தரையை விட்டு எழ வேண்டும், ஸ்டாண்டுகள் சேஸியின் அடியில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அவை அந்தரத்தில் தொங்கும்போது காரை ஹேண்ட் பிரேக் பிடிக்காது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

டிரெய்லிங் ஆர்மின் போல்ட்டையோ டேம்பர் இணைப்பையோ இந்த வேலைக்கு அவிழ்க்கத் தேவையில்லை. ஆர்முக்கும் சேஸிக்கும் இடையே ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. தெரியாமல் அவிழ்த்தால் அது வெளியே பாயும்.

உள்முனை நட்டுக்கு ஸ்பேனர் போகவில்லை

ஒரே நேரத்தில் நான்குக்கும் போகாது. யோக் மறைக்கும், ஒரு பக்கம் சைலன்சர் குழாய் மறைக்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்தைத் திருப்பி, ஒரு நட்டைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து அவிழ்க்க வேண்டும். அதனால்தான் டிரம்மைக் கழற்றுவதற்கு முன்னாலேயே உள்முனையை முடித்துவிட வேண்டும். டிரம் போய்விட்டால் சாஃப்ட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

9/16 ஏஎஃப் (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே உள்ள அங்குல அளவு) ரிங் ஸ்பேனர் ஒன்றை மெல்லிய சுவருள்ளதாக வாங்குங்கள். 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காரும்போல் தோன்றும். 9/16 என்பது 14.3 மில்லிமீட்டர், துரு ஏறிய நட்டில் அதைச் சுத்தியலால் தட்டி ஏற்றி நட்டின் முனையை மழுக்கியவர்கள் உண்டு. நான்காவது நட்டை எடுக்கும் முன் சாஃப்ட்டை ஒரு கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் அது தொங்கி, ஸ்பிளைனின் ரப்பர் உறையைக் கிழிக்கும்.

உள்முனை பிரிந்ததும் டிஃபரன்ஷியலின் வெளி ஃபிளான்ஜைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து இருந்தால் உள் பேரிங்கையும் சீலையும் பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது.

டிரம் வரவில்லை

முகத்தில் உள்ள ஸ்கிரூக்களின் தலை மழுங்கும் முன்பே இம்பாக்ட் டிரைவர் எடுங்கள். கம்பிச் சக்கர கார் என்றால் முதலில் அடாப்டரைக் கழற்ற வேண்டும். ஸ்கிரூ வந்த பிறகும் டிரம் அசையாவிட்டால் உள்ளே ஷூ, தேய்ந்த டிரம்மின் உதட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பேக்பிளேட்டின் (பிரேக் ஷூக்கள் நிற்கும் தகட்டின்) பின்னால் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்துங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இறக்கிவிடுங்கள். டிரம்மின் விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடையும்; முகத்தைச் சுற்றி மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். உள்ளே உள்ள தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

வெளி நட் சுற்றுகிறது, கழலவில்லை

இதற்குத்தான் இவ்வளவு நேரம் தயாரானோம்.

ஹப் ஃபிளான்ஜில் உள்ள துளை வழியே 1/2 ஏஎஃப் சாக்கெட்டை நுழைத்து, ஹப்பைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு நட்டாக எடுக்க வேண்டும். அவை நைலாக் நட்டுகள். கழற்றும்போது அந்த நைலான் வளையம் ஸ்டட்டின் வெளியே நீட்டிய துருப்பிடித்த மரைமேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அந்த உராய்வின் முறுக்கு முழுக்க ஸ்டட்டின் அடிப்பக்கத்துக்கு, அதாவது அரித்துப்போன அலுமினிய மரைக்குப் போகிறது. அங்கேதான் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே ஸ்பேனர் வைப்பதற்கு முந்தின நாளே, நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷால் பளிச்சென்று சுத்தம் செய்து, துரு தளர்த்தும் எண்ணெயை விட்டு ஊற விடுங்கள். நட்டை அரைச் சுற்று அவிழ்த்து, கால் சுற்றுத் திருப்பி உள்ளே விட்டு, மறுபடி அவிழ்த்து என்று போங்கள். நீளக் கைப்பிடி ராட்செட் வேண்டாம். சின்னதைப் பிடித்தால்தான் ஸ்டட் என்ன சொல்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

நட் கடினமாக இருந்து திடீரென்று லேசாகிவிட்டால் உடனே நிறுத்துங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் இரண்டில் ஒன்று: ஸ்டட் தன் மரையில் முறையாக அவிழ்ந்து வருகிறது, அல்லது மரையை உரித்துக்கொண்டு வருகிறது. வெளியே வந்த ஸ்டட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பள்ளங்கள் காலியாகவும் சுத்தமாகவும் இருந்தால் நல்ல சேதி. மெல்லிய அலுமினியச் சுருள் பள்ளத்தை அடைத்திருந்தால் துளை போய்விட்டது.

நட்டும் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கின்றன, வெளியேயும் வரவில்லை என்றால் பேரிங் வீட்டுக்கும் (ஹப் பேரிங்குகள் உட்காரும் கூட்டுக்கும்) நட்டுக்கும் இடையே லேசாக நெம்பு கொடுத்து இழுத்தபடி அவிழ்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் நட்டை ரம்பத்தாலோ நட் பிளப்பானாலோ வெட்டி எடுங்கள். ஒரு நட் போனால் போகட்டும்.

உரிந்த துளைக்கு அதைவிடப் பெரிய ஸ்டட் போட்டு இறுக்குவது எனக்குப் பிடிக்காத வைத்தியம். அடுத்த தடவை உரிய அலுமினியமே மிச்சம் இருக்காது. இரும்பு மரைச் செருகி போட்டுப் பழைய அளவிலேயே ஸ்டட்டை நிறுத்துவது நல்லது. அலுமினியத்தின் மீது வரும் மரையின் விட்டம் கூடுவதால் பிடிப்பு புதிய ஆர்மில் இருந்ததைவிடப் பலமாகவே இருக்கும். துளையின் ஆழத்தை முதலில் அளந்து, டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நேராகத் துளைக்க, பழைய பேரிங் வீட்டின் ஃபிளான்ஜ் ஒன்று கிடைத்தால் நல்ல ஸ்டட்களில் மாட்டி அதையே வழிகாட்டியாக வைக்கலாம். கை நடுங்கினால் ஆர்மைக் கழற்றி மெஷின் ஷாப்பில் கொடுங்கள். ஒரு துளை கோணலாகிவிட்டால் ஹப் உட்காராது.

ஆறு நட்டும் வந்தாச்சு, ஹப் மட்டும் அசையவில்லை

பேரிங் வீடு ஆர்மின் துளையில் அரிப்பால் ஒட்டியிருக்கிறது. இடுக்கில் உளி செருகி அடித்தால் அலுமினிய முகத்தில் வடு விழும். பிறகு ஹப் நேராக உட்காராது. வெந்நீரில் நனைத்த துணியையோ வெப்பக் காற்றுத் துப்பாக்கியையோ ஆர்மின்மேல் பிடியுங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தீ ஜுவாலை வேண்டாம்; பக்கத்திலேயே பிரேக் குழாயும் ரப்பரும் இருக்கின்றன. சூடாக்கி, ஃபிளான்ஜின் பின்னால் நான்கு திசையிலும் மாறி மாறி மரச் சுத்தியால் தட்டினால் வழிவிடும்.

விட்டதும் சாஃப்ட் முழுவதையும் ஆர்மின் துளை வழியே வெளிப்பக்கமாக உருவ வேண்டும். உள்முனை ஃபிளான்ஜை ஒரு கையால் நேராகப் பிடித்து வழிநடத்துங்கள். பிரேக் பேக்பிளேட்டும் அதே ஸ்டட்களில்தான் நிற்கிறது. ஹப் போனதும் அது பிரேக் குழாயில் தொங்கும். உடனே இரண்டு நட்டை வாஷரோடு போட்டு அதை அதன் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

சாஃப்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்துவிட்டது

ஸ்பிளைன் வழுக்கி வெளியே வந்திருக்கிறது, ஒன்றும் உடையவில்லை. ஆனால் திரும்பச் சேர்க்கும்போது நடுச் சாஃப்ட்டின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிச் சேர்த்தாலும் ஒரு யுஜே உண்டாக்கும் உதறலை மற்றது அழிக்காது. மாட்டி முடித்த பிறகு “வேலைக்கு முன்னால் இல்லாத அதிர்வு இப்போது இருக்கிறது” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கழற்றும் முன்பே இரண்டு பகுதியிலும் நேர்கோட்டில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. இடது இடதாகவும் வலது வலதாகவும் போகட்டும்; பற்கள் ஒரு திசையில் தேய்ந்து பழகியவை.

ஸ்பிளைனுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். குழிக்குள் திணித்து நிரப்பினால் கிரீஸே அடைப்பாகி சாஃப்ட் சுருங்க விடாது.

யுஜே மாற்றும்போது ஒரு ஊசி ரோலர் சாய்ந்து கப்பின் அடியில் கிடந்தாலும் சர்க்ளிப் (கப்பை வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) அதன் பள்ளத்தில் உட்காராது. உட்காராத சர்க்ளிப்பைச் சுத்தியலால் அடித்து உட்கார வைக்காதீர்கள். கப்பைக் கழற்றிப் பாருங்கள். முடித்த ஜாயின்ட் தன் எடையிலேயே சாய வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் செப்புச் சுத்தியால் ஒரு தட்டு, அதற்குமேல் பலப்பிரயோகம் கூடாது.

ஹப்பை ஸ்டப் ஆக்சிலிலிருந்து பிரிக்கலாமா?

வீட்டில் வேண்டாம். பேரிங் மாற்ற வேண்டுமானாலும் வேண்டாம். ஹப் ஒரு டேப்பரில் ஏறி, சாவி (தனியே சுழலாமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) போட்டு, பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்கத் தொழிற்சாலை தனியாக ஒரு கனத்த அழுத்தக் கருவி வைத்திருந்தது. கடையில் கிடைக்கும் மூன்று கால் புல்லர் ஃபிளான்ஜை வளைக்கும். சூடும் சுத்தியலும் சேர்த்துப் பிரித்தவர்கள் ஸ்டப் ஆக்சிலின் டேப்பர் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறலை விட்டுவைக்கிறார்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு வளைவிலும் வளர்ந்து ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம், டிரம், ஹப் எல்லாம் சேர்ந்து காரை விட்டுப் போய்விடும். அந்தப் பக்கம் பிரேக்கும் போய்விடும். டேப்பரில் தளர்வு இருந்தால் ஓட்டக் கூடாது என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

உள்ளே பேரிங்குகளுக்கு நடுவில் அமுங்கிக் கொடுக்கும் ஸ்பேசர் ஒன்றும் உண்டு. ஒரு தடவை அமுங்கியதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, இறுக்கத்தை அளந்து வைக்கவும் வேண்டும். சாஃப்ட்டை ஹப்போடு முழுதாகக் கழற்றி, பிரஸ்ஸும் விரிசல் சோதனையும் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள். பழைய ஸ்டப் ஆக்சிலின் கடந்தகாலம் தெரியாதென்றால் புதிதாகச் செய்த ஹப் வாங்குவதையே நான் செய்வேன், செய்தும் இருக்கிறேன்.

திரும்ப மாட்டுகையில்

எல்லா நைலாக் நட்டும் புதிது. ஸ்டட்டின் அலுமினியப் பக்கத்து மரைக்கும், பேரிங் வீடு உட்காரும் வட்டத்துக்கும் அரிப்புத் தடுக்கும் பூச்சு. வெளி ஆறையும் குறுக்கு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த நட்டுகளுக்கு வேண்டியது மிகச் சின்ன முறுக்கு, 12-க்கும் 16-க்கும் இடையில் அடி பவுண்டு. உங்கள் காரின் வருடத்துக் கையேட்டைப் பார்த்து அதன்படியே வையுங்கள். அந்த அளவில் துல்லியம் காட்டும் சின்ன டார்க் ரெஞ்சைக் கடன் வாங்கியாவது கொண்டுவாருங்கள். என் காரில் உரிந்த இரண்டு துளைகளும், முன்பு யாரோ சக்கர நட்டை இறுக்குவதுபோல் இவற்றை இறுக்கியதால் பலவீனமானவை.

உள்முனை நான்கை டிரம் போட்டு ஹேண்ட் பிரேக் பிடித்த பிறகு இறுக்குங்கள். அட்ஜஸ்டரை மறக்காமல் திரும்ப வையுங்கள். முதல் 100 மைல் ஓடியதும் டிரம்மை மறுபடி கழற்றி ஆறு நட்டிலும் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் முறுக்கு ஏறாமல் சுற்றிக்கொண்டே போனால் அந்த ஸ்டட்டின் மரை உரிகிறது. மேலே இறுக்காமல், செருகி போடும் வரை காரை நிறுத்திவையுங்கள்.